அம்மா, இரண்டு

என் மகனும் மருமகளும் விவாகரத்து வாங்கியபோது, நானும் மருமகளின் தாயாரும் கேம்பர் வண்டியோடு சேர்த்து விற்கப்பட்டோம்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருந்த வீடு மருமகளுக்கு என்று தீர்ப்பாயிற்று. நாய் மகனுக்கு. உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் அந்த கேம்பர் வண்டியை இருவருமே கேட்கவில்லை. ஆகவே உள்ளே இருக்கும் பொருள்களோடு அதை விற்றுவிடச் சொன்னார்கள். பட்டியல் எடுக்க ஒருவர் வந்த காலையில் நாங்கள் இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். வீட்டின் நடுவில் அப்போது மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். சமையலறை மருமகள் அகல்யா பக்கம், கூடம் என் மகன் மாறன் பக்கம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மற்றப் பக்கத்துக்கு மனக்கஷ்டம். அதனால் சாப்பிட்டு முடித்ததும் வாசலில் நின்ற வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வது எங்களுக்கு வழக்கமாகியிருந்தது.

வந்தவர் கதவைத் திறந்து, வணக்கம் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். கேஸ் அடுப்பு, ஒன்று. மடக்குக் கட்டில், இரண்டு. தண்ணீர்த் தொட்டி, ஒன்று. அம்மா, இரண்டு. வண்டி தாங்கும் பாரம் தெரிய வேண்டும் என்று எங்கள் எடையைக் கேட்டார். அறுபத்திரண்டு கிலோ என்றேன் நான், ஐம்பத்தைந்து என்றார் மருமகளின் தாயார். எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

என் பெயர் தனபாக்கியம். திண்டுக்கல்லில் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பார்சல் பிரிவில் இருந்தவள். ஒரு பொருள் பட்டியலில் ஏறிவிட்டால் அது போகவேண்டிய இடத்துக்குப் போயாக வேண்டும். எந்தப் பொட்டலமும் தன் விலாசத்தோடு வாதாடி நான் பார்த்ததில்லை.

வண்டியை வாங்கியவர் ஐனோ என்ற அம்மாள். ஓரிகன் மாநிலத்தின் வடகோடியில், ஆறு பசிபிக் கடலில் சேரும் இடத்தில், அஸ்டோரியா என்ற ஊரில் இருந்தார். கடிதம் எழுதியிருந்தார். கடற்கரைச் சாலையிலேயே வரட்டும், நாற்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் வேண்டாம், நாள் குறிக்கவில்லை, உள்ளே இருப்பவை குலுங்காமல் வந்தால் போதும் என்று இருந்தது.

ஓட்டும் பொறுப்பு மருமகளின் தாயாருக்கு. அவர் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் இருபத்தாறு வருடம் பெண்களுக்கென்று டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவர் முதுகு இருக்கையில் சாயாது. பெட்ரோல் பங்க்கில் கண்ணாடியைத் தானே துடைப்பார், மற்றவர் துடைத்தால் திரும்பவும் துடைப்பார்.

கல்யாணமான நாளிலிருந்து ஒன்பது வருடம் நாங்கள் ஒருவரையொருவர் சம்பந்தியம்மா என்றுதான் கூப்பிட்டு வந்தோம். தீர்ப்பில் அந்தச் சொல் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. நமதில்லாத ஒன்றை எடுத்துப் புழங்கக் கூடாது என்று இருவருக்கும் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. போதாததற்கு, அவர் பெண்ணால்தான் எல்லாம் என்று எனக்கும், என் பையனால்தான் என்று அவருக்கும் உள்ளுக்குள் இருந்தது. ஆகவே முதல் ஐந்து நாள் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடவே இல்லை. அவருக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமானால் ஹாரனை லேசாகத் தொடுவார். எனக்கு வேண்டுமானால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவேன்.

சான் பிரான்சிஸ்கோவின் சிவப்புப் பாலத்தைத் தாண்டியதும் சாலை கடலோரம் இறங்கியது. வடக்கே போகிறவர்களுக்குக் கடல் இடப்பக்கம். அந்த ஊரில் டிரைவர் உட்காருவதும் இடப்பக்கம். கடல் அவருக்கு, மலை எனக்கு என்று ஆயிற்று. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் அவர் ஓரம் கட்டி எல்லோரையும் போகவிடுவார். போகிறவர்கள் கை காட்டுவார்கள். மேய்ச்சல் நிலம், பாறை, மறுபடி பாறை. பகல் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு திருப்பத்தில் நிறுத்தி, நான் காலையில் கட்டிய புளிச்சோற்றைச் சாப்பிடுவோம். அவர் கடலைப் பார்த்துச் சாப்பிடுவார். நான் அவர் தட்டைப் பார்த்துப் போடுவேன்.

மெண்டசினோவுக்கு அருகில் ஒரு முகாமில் குர்பச்சன் சிங்கைச் சந்தித்தோம். ஜலந்தர்க்காரர், எண்பதை நெருங்கியவர். ஒரு பெரிய வெள்ளை கேம்பரின் நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பனிக்காக முழங்கால் வரை தார்ப்பாய் சுற்றியிருந்தார்கள். எங்களைப்போல வண்டியோடு விற்கப்பட்டு வந்தவர். இப்போது வைத்திருப்பவர்கள் மூன்றாவது கை என்றார். நல்லவர்களா என்று எனக்குத் தெரிந்த தபால் நிலைய இந்தியில் கேட்டேன். மத்தியானத்துக்குள் நிழலுக்கு மாற்றிவிடுவார்கள் என்றார். பிறகு சற்று யோசித்து, தினமும் மாலையில் வந்து நாளைக்கு எங்கே போகிறோம் என்று தன்னிடம் சொல்வார்கள் என்றார்.

"என் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை" என்றார்.

எங்களுக்கு டர்னிப் ஊறுகாய் கொடுத்தார். செண்பகவல்லி அம்மாள் அவருடைய வண்டியின் டயரில் காற்று குறைவாக இருப்பதைக் காட்டிவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் டிரினிடாட் என்ற சிற்றூரில், கடலுக்கு மேலே ஒரு மேட்டில் நிறுத்தினோம். மறுநாள் மாநில எல்லை. காகிதங்களைக் கேட்பார்கள் என்பதால் எடுத்து வரிசையாக வைக்கலாம் என்று முன்பெட்டியைத் திறந்தேன். அந்தப் பட்டியலை அன்றுதான் முழுவதும் பார்த்தேன். பொருளுக்கு எதிரே 'நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. அடுப்புக்கும் கட்டிலுக்கும் பட்டியல் எடுத்தவர் எழுதியிருந்தார். எனக்கு எதிரே வேறு கையெழுத்து. எழுத்துகளின் வாலை இடப்பக்கமாகச் சுழிக்கிற கையெழுத்து. ஐந்தாம் வகுப்பு கோடை விடுமுறை முழுக்க உட்கார்த்தி வைத்து நான் திருத்திய கையெழுத்து.

அம்மா (1). நல்ல நிலை. இடது முழங்காலில் தேய்மானம். கேள்வி அதிகம் கேட்கும்.

கீழே, 'மனப்பூர்வமாகச் சேர்க்கப்பட்டது' என்ற வரிக்கு எதிரே மாறனின் ஒப்பம்.

அதுவரை நான் பட்டியல் எடுத்தவர்தான் எங்களை எழுதினார் என்று நினைத்திருந்தேன். அவர் வேலை அது. கண்ணில் பட்டதை எழுதினார். வண்டியில் நாங்கள் இருந்தது எங்கள் தற்செயல். இப்படித்தான் ஆறு நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன்.

மாறனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"மாறா, பட்டியல்ல எழுதினது நீயா?"

"ஆமாம்மா. அந்தக் கட்டத்தைக் காலியா விடக்கூடாதுன்னு சொன்னாங்க."

"சேர்க்கச் சொன்னதும் நீதானா?"

நாய் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"சேர்க்கிறதா, எடுத்துடறதான்னு கேட்டாங்கம்மா. எடுத்துட்டா எங்க வைப்பீங்கன்னு அடுத்த கேள்வி இருந்துச்சு." பிறகு, "சீட் பெல்ட் போட்டிருக்கியா?" என்றான்.

போட்டிருக்கிறேன் என்றேன். நல்லது என்று வைத்துவிட்டான்.

அதன் பிறகு என் வாய் மூடவில்லை. அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லத் திறந்தது அப்படியே நின்றுவிட்டது. கையால் தாடையை அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. கடல் காற்று உள்ளே போய் நாக்கு உப்புக் கரித்தது. வலி இல்லை. கண்ணிலும் ஒன்றும் வரவில்லை. உள்ளங்கால் மட்டும் சில்லென்று இருந்தது, தண்ணீரில் நிற்பதுபோல.

செண்பகவல்லி அம்மாள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். ஹாரனைத் தொடாமல், பாத்திரத்தைத் தட்டாமல், நேராகவே பேசினார்.

"எனக்கு மொத நாளே தெரியும். பேப்பரைப் படிக்காம நான் எந்த வண்டியையும் எடுத்தது கெடையாது."

அடுத்த வரியை விரலால் காட்டினார். அம்மா (2). ஓட்டத் தெரியும். அவ்வளவுதான் இருந்தது. கீழே அகல்யாவின் ஒப்பம், சின்னதாக, அழகாக.

"ஒங்களுக்காவது மூணு விஷயம் எழுதியிருக்கான்" என்றார். வண்டியைக் கிளப்பி, கண்ணாடியைப் பார்த்து, சாலைக்கு ஏறிய பிறகு மீதியைச் சொன்னார். "எனக்கும் முழங்கால் வலி உண்டுல்லா. ரெண்டு கால்லயும்."

அன்று முழுக்க அவர் எனக்குத் தண்ணீரை ஸ்பூனால் ஊற்றினார். பூச்சி உள்ளே போய்விடும் என்று தன் மஃப்ளரை எடுத்து என் வாயை மறைத்துக் கட்டினார். செம்மரக் காட்டுக்குள் சாலை போனபோது உள்ளே ஈரமும் மரவாசனையும் நிறைந்தன. நான் திறந்த வாயோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு நாள் இந்தம்மா இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வளைவு வளைவாக ஓட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு தடவைகூட பிரேக்கை அழுத்திப் போட்டதில்லை.

மறுநாள் எல்லையில் ஒரு பெண் அதிகாரி வண்டியை நிறுத்தினார். பட்டியலைப் பச்சைப் பென்சிலால் சரிபார்த்தார். அடுப்பு சரி. கட்டில் சரி. எங்களிடம் வந்ததும் இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டார். ஒரே வகையான இரண்டு பொருள்கள் உறவில்லாமல் ஒரே வண்டியில் எல்லையைக் கடக்கக் கூடாது என்பது விதி. உறவில்லை என்றால் ஒன்றை இறக்கி, வேறு வண்டியில், கடலை விட்டு உள்ளே போகிற சாலை வழியாக அனுப்புவார்கள். எப்போது போய்ச் சேரும் என்று சொல்வதற்கில்லை. அவர் கை காட்டிய இடத்தில் ஒரு கொட்டகை இருந்தது. அப்படி இறக்கப்பட்டவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி கட்டிய ஒருவரும் இருந்தார். யாரும் மடியிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. என் மகனின் பழைய மனைவியின் அம்மா என்பதற்கு உலகத்தில் ஒரு சொல் இல்லை. அதிகாரி பென்சிலோடு காத்திருந்தார். இறக்குவதானால் எடை கூடியதைத்தான் இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பிரிவிலும் அப்படித்தான். எடை கூடியது நான்.

"எங்கிட்ட டிரைவிங் படிக்கிறவங்க" என்றார் செண்பகவல்லி அம்மாள்.

அதிகாரி ஒரு புத்தகத்தைப் புரட்டினார். ஆசிரியர், மாணவி என்பது அனுமதிக்கப்பட்ட உறவுதான். ஆனால் சரிபார்க்க வேண்டும். முதல் ஊர் ஆறு மைல் தூரத்தில் இருந்தது. அதுவரை மாணவி ஓட்டட்டும் என்று சொல்லி, பின்னால் ஏறி மடக்குக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் எனக்கு இருக்கையை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, என் இரண்டு கைகளையும் எடுத்து ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் குரலே வேறாக இருந்தது.

"தனம், ரோட்டப் பாருங்க. பானெட்டப் பாக்காதீங்க. பாக்குற எடத்துக்குத்தான் வண்டி போவும்."

என்னைத் தனம் என்று கூப்பிட ஆள் இல்லாமல் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. ஆ என்றேன். எனக்குச் சொல்ல வந்தது அது ஒன்றுதான். வண்டி நகர்ந்தது.

கடல் இப்போது என் பக்கம். அதைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தேன். எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. "வரட்டும். அவனுக்கு அவன் பாதி, நமக்கு நம்ம பாதி" என்றார். லாரி போயிற்று. பனி வந்தது. "வெளக்கு" என்றார், போட்டேன். ஐந்தாவது மைலில் பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய மான் கூட்டம் சாலைக்கு ஏறியது. கொம்பு உள்ளது ஒன்று நடுவில் நின்று என்னையே பார்த்தது. என் மகனின் குரல் காதில் கேட்டது. சீட் பெல்ட் போட்டிருக்கியா.

"பிரேக்" என்றார் அவர், மெதுவாக.

மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் அதிகாரி கட்டிலிலிருந்து வழுக்கி அடுப்பருகே போய் உட்கார்ந்தார். அந்தக் குலுக்கலில் என் தாடை 'டக்' என்று மூடிக்கொண்டது. மான்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. மூடிய வாய்க்குள் முதலில் வந்தது அழுகை. மான்கள் எல்லாம் போய் முடியும்வரை அழுதேன். அதிகாரி, 'பிரேக் பிடிக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். ஊர் வந்ததும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு இறங்கி, வந்த வழியே எல்லையை நோக்கி நடந்தார்.

அதற்கப்புறம் நாங்கள் மாற்றி மாற்றி ஓட்டினோம். நான் அவரை டீச்சர் என்றேன். அவர் ஓட்டும்போது நான் கேள்வி கேட்டேன். முழங்கால் வலி எப்போது ஆரம்பித்தது என்று ஒரு கேள்வி கேட்டதற்கு கூஸ் பே பாலம் வரை பதில் சொன்னார். ஸ்கூல் ஆரம்பித்தபோது கோவில்பட்டியில் கல்லெறிந்தவர்கள் யார் யார், பிற்பாடு அவர்களில் யார் தன் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார் என்பதெல்லாம் வந்தது. அகல்யாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லையா என்றேன். கற்றுக்கொடுத்தேன், அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்றார். நான் மாறனைப் பற்றி அவன் ஆறு வயதில் செய்ததைச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு விஷயமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு துறைமுகத்தில் வாங்கிய சால்மன் மீனில் குழம்பு வைத்தோம். புளி போதாது என்றார், போதும் என்றேன். அந்தச் சண்டை இருபது மைல் நீடித்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

நாள் குறிக்கவில்லை என்பதால் வேகத்தை முப்பதாக்கினோம். பிறகு ஒரு நாளைக்குப் பத்து மைல். பிறகு ஒரு நாள் முழுக்க ஒரே கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருந்தாலும் சாலை முடிந்தது.

ஐனோ அம்மாள் மஞ்சள் மழைச்சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். எண்பது வயதிருக்கும், நீல வீடு, பின்னால் ஆறு. பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். என்னை உட்கார்ந்து எழச் சொன்னார். இடது முழங்கால் சத்தம் போட்டது. சரி என்று டிக் செய்தார். இரண்டாவது வரிக்கு வந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பார்சல் பிரிவில் நான் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. பட்டியலில் பிழை இருக்கிறது, இவருக்கும் தேய்மானம் உண்டு, இரண்டு காலிலும், அதை எழுதாமல் வாங்கிக்கொள்ளக் கூடாது என்றேன். அவர் செண்பகவல்லி அம்மாளைப் பார்த்தார். டீச்சர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐனோ எழுதினார். கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினார்.

ஒப்பம் வைத்து முடித்ததும், அனுப்பியவர்களுக்கு ஒப்புதல் அட்டை எப்போது போகும் என்று கேட்டேன். பொருள் வந்து சேர்ந்தது என்று அனுப்பியவருக்குத் திரும்பிப் போகிற அட்டை. எங்கள் பிரிவில் அதற்கென்று தனிப் பெட்டி உண்டு.

ஐனோ கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒப்புதல் அட்டை: வேண்டாம். இரண்டு ஒப்பங்கள். கீழே இன்னொரு வரி. திரும்பும் வழி: தேவையில்லை. அதற்கும் இரண்டு ஒப்பங்கள், பக்கத்தில் பக்கத்தில். அவர்கள் கடைசியாகச் சேர்ந்து செய்தது அதுவாகத்தான் இருக்கும்.

ஆற்றின் மேல் மேகம் இறங்கியது.

ஐனோ வானத்தைப் பார்த்தார். தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் நாங்கள் வந்த சாலையை மழையில் போட்டு வைக்க வேண்டாம், நனைந்தால் காய ஒரு வாரம் ஆகும், இப்போதே மடித்துவிடலாம் என்றார். கணவர் இருந்தவரை இருவருமாக மடிப்பார்களாம். தனி ஆளால் முடிகிற வேலை அல்ல.

சாலையின் முனை அவர் வாசற்படியில்தான் கிடந்தது. நான் மலைப்பக்கத்து ஓரத்தைப் பிடித்தேன், டீச்சர் கடற்பக்கத்து ஓரத்தைப் பிடித்தார். தூக்கினோம். துவைத்த சேலையின் கனம்தான் இருந்தது. இழுத்து ஒரு உதறு உதறினோம். தூரத்தில் போய்க்கொண்டிருந்த வண்டிகள் ஓரமாக ஒதுங்கின. ஓட்டுநர்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்து, அவர் என்னை நோக்கி நடந்து வந்து தன் முனையை என் கையில் கொடுத்தார். தொங்கிய மடிப்பை எடுக்கக் குனியப் போனார்.

"இருங்க, நான் எடுக்கிறேன்" என்றேன்.

"ஒங்க கால் மட்டும் என்ன வாழுது" என்றார்.

இருவரும் குனிந்தோம். மூன்று முழங்கால்கள் சத்தம் போட்டன. பாலங்கள் வரும் இடத்தில் மடிப்பு நேராக விழாது, கையால் நன்றாக நீவி விடுங்கள் என்று ஐனோ சொல்லிக்கொண்டிருந்தார். நீவினோம். அலமாரி சின்னது, இன்னும் ஒரு மடிப்பு வேண்டும் என்றார்.